சிற்றறையிற் கலைக்காட்சி

கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைத்தற்குப் பளிங்குத் தூண்களும் அகன்ற கூடங்களும் இன்றியமையாதன என்றே பலரும் கருதுவர். அக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதனை, நியூயார்க்கு நகரத்திருந்த ஒரு சிற்றறையின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய விழைகின்றோம்.

அந்நகரின் ஐந்தாம் நெடுந்தெருவில், 291 என்னும் எண்ணுடைய கட்டடத்தின் மேன்மாடியில், ஸ்டைக்கன் என்னும் கலைஞர் தொழிற்கூடம் வைத்திருந்தார். அவர் அதனை விட்டு வேறிடம் பெயர்ந்தபின், அவ்வறைகளை அவர்தம் நண்பர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்சு 1905-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் புகைப்படக் காட்சிக்கூடமாக்கினார். புகைப்படம் கலையோ, கருவியின் வினையோ என்பது அந்நாளிற் பெரும்பூசல். கலையே என நாட்டுதல் அக்கூடத்தின் முதல் நோக்கமாயிற்று. 1908-இல் வாடகை உயரவே, நடைவழிக்கு எதிரே, ஏறத்தாழ 15 அடிச் சதுரமான ஓரறைக்கு அது மாறியது. கதவெண் 293 ஆயிற்று. பெயரோ '291' என்றே நின்றது.

அறை சிறிதாயினமையின் அதன் காட்சிமுறையும் வேறாயிற்று. அந்நாளைப் பெருங்காட்சிகளிற் படங்களைத் தரையருகு தொடங்கிக் கூரைவரை நெருக்கி மாட்டுவர். இங்கோ முரட்டுத் துணி போர்த்த சுவரிற் சிலவே இடம்விட்டுத் தொங்கின. நடுவே ஒரு பித்தளைக் கலம், அதில் இலைக்கொத்து, அவ்வளவே. ஒன்றைக் காணுங்கால் மற்றொன்று குறுக்கிடாது. விற்பனையைக் காட்டினும், வந்தாரோடு நெடுநேரம் வாதிடுதலிலேயே ஸ்டீக்லிட்சுக்கு வேட்கை மிகுதி.

நாளடைவில் ஓவியமும் சிற்பமும் அங்கே புகுந்தன. 1908-இல் ரோடினின் வரைவுகளும், பின்னர் மத்தீசின் ஓவியங்களும், 1911-இல் பிக்காசோவின் வரைவுகளும் காட்டப்பெற்றன. பின்னிருவர்க்கும் அமெரிக்காவில் முதன்முதல் தனிக்காட்சி நிகழ்ந்தது இவ்வறையிலேதான். 1912-இற் சிறுவர் வரைந்த படங்களுக்கும் அதே சுவர் இடந்தந்தது. 1913-இல் அந்நகரிற் படைச்சாலையொன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளுடன் பெருங்காட்சி நடந்தபொழுது, ஸ்டீக்லிட்சு தம் புகைப்படங்களையே இங்கே மாட்டினார். ஓவியர் புதுநெறி புகுந்த அக்காலத்திற் புகைப்படம் ஆற்றவல்லது யாதென்பதனை மக்கள் ஒப்புநோக்கட்டும் என்பது அவர் கருத்து. துணிவுடைய செயலே.

நிற்க. 1914-இற் பாரிசிலிருந்து வருவித்த ஆப்பிரிக்க மரச்சிற்பங்கள் அங்கு வைக்கப்பெற்றன. அவற்றை இனவியற் பொருளாகவன்றிக் கலையாகவே காட்ட முன்வந்தமை பாராட்டற்குரியது. எனினும் அச்சிற்பிகளைக் காட்டுமிராண்டிகள் எனத் தலைப்பிலேயே குறித்தமை எமக்கு உடன்பாடன்று. கண் திறந்தும் நாத் திருந்தவில்லை போலும்! அக்கூடத்தார் நடத்திய 'கேமரா ஒர்க்' என்னும் இதழின் செயலோ இதனின் வேறுபட்டது. '291' என்பது யாது என்னும் வினாவுக்குப் பலர் எழுதிய விடைகளை 1915-இல் அது வெளியிட்டது. கலைஞர், திறனாய்வாளர் ஆகியோரின் எழுத்தோடு, அக்கட்டடத்து மின்தூக்கியை இயக்கிய ஹாட்ஜ் கிர்னன் என்னும் மேற்கிந்தியத் தீவினரின் கட்டுரையும் அதில் ஒருங்கே அச்சாயிற்று. நாள்தோறும் வருவாரையும் போவாரையும் கண்டவர் அவரன்றோ!

1917-இல் ஜார்ஜியா ஓகீஃப் என்னும் ஓவியப் பெண்மணியின் காட்சியோடு அவ்வறை மூடப்பட்டது. புகைப்படம் பற்றிய வழக்கு மட்டும் தொடர்ந்தது. கொழும்பிற் பிறந்த தமிழ்மகனாரின் புதல்வரும், அந்நகரிலேயே தோன்றியவருமான ஆனந்த குமாரசுவாமி, பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையிற் கீழைக்கலைப் பகுதியைப் பேணிவந்தார். அவர் முயற்சியால் 1924-இல் ஸ்டீக்லிட்சின் புகைப்படங்கள் 27, ஓவியமும் சிற்பமும் உறையும் அச்சாலையின் நிலையான செல்வத்துட் சேர்க்கப்பெற்றன.