மாடி ஏறாத வைஃபை

மதுரை செல்லூரில் என் அக்கா வீடு. கீழே கூடத்தில் ரவுட்டர். மாடி அறையில் அக்கா மகள் பாடம் பார்க்க உட்கார்ந்தால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். "மாமா, நெட்டுக்கு மாடிப்படி ஏறத் தெரியாதா?" என்று கேட்டாள். விடை அவள் காலடியிலேயே இருந்தது.

வைஃபை என்பது ரேடியோ அலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் சுமார் 12 செ.மீ. மரக்கதவையும் கண்ணாடியையும் அது எளிதாகக் கடந்துவிடும். செங்கல் சுவரில் இளைக்கும். அவள் நின்றிருந்ததோ கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். அதில் அலை பெரும்பாலும் சோர்ந்துவிடும்.

மாடிக்கு இன்னொரு ரவுட்டர் வைத்தோம். கீழ் ரவுட்டரின் லேன் (வீட்டுக்குள் இணைக்கும்) துளையிலிருந்து ஒரு கேபிளை இழுத்து, மேல் ரவுட்டரின் லேன் துளையில் செருகினோம். விளக்குகள் எரிந்தன. ஆனால் சிறிது நேரத்தில் கீழே ஓடிக்கொண்டிருந்த நெட்டும் தடுமாறத் தொடங்கியது! தவறு என்னுடையதுதான்.

என்ன நடந்தது? வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் ஓர் எண் தரும், ரேஷன் கடையில் டோக்கன் தருவதுபோல. இந்த வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். ஒரே கடையில் இரண்டு பேர் தனித்தனியாக டோக்கன் கிழித்தால்? 5-ஆம் எண் இருவர் கையில் இருக்கும். அதோடு, "இணையத்துக்கு வழி நான்தான்" என்று மேல் ரவுட்டரும் போன்களிடம் சொல்லும். அதற்கோ வெளியே போக வழியே கிடையாது. போதாக்குறைக்கு இரண்டு ரவுட்டர்களின் சொந்த முகவரியும் 192.168.1.1. ஒரு தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடுகள்!

மேல் ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினோம். அதில் டிஹெச்சிபியை அணைத்தோம். இனி டோக்கன் தருவது கீழ் ரவுட்டர் மட்டும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஒன்றன் பேச்சில் மற்றொன்று குறுக்கிடாமலிருக்க, கீழே அலைவரிசை (சேனல்) 1, மேலே சேனல் 6. அவ்வளவுதான், வீடியோ ஓடியது.

எட்டாத இடத்துக்கு நெட்டை எட்டவைக்கும் இதே வேலையை நம் பக்கத்தில் மிகப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் தேனி கிளையில் கண் மருத்துவர்கள் இருந்தார்கள். ஆண்டிபட்டி போன்ற ஊர்களில் கண் பரிசோதனைக்கான சிறிய விஷன் சென்டர்கள் இருந்தன. 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரவிந்துடன் சேர்ந்து, இந்த ஊர்களை வைஃபையாலேயே இணைத்தார்கள். ஒரே தாவலில் சுமார் 15 கிலோமீட்டர்! ஒரே திசையில் அலையைக் குவிக்கும் ஆன்டெனாக்களை உயரமான கோபுரங்களில் கட்டினார்கள். நேராகப் பார்க்க முடியாத ஊர்களுக்கு நடுவில் இன்னொரு ரவுட்டர் நின்று, வாங்கியதை அடுத்ததற்குக் கைமாற்றியது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒவ்வொரு செய்தித் துண்டை அனுப்பியதும் வைஃபை, "கிடைத்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். வீட்டுக்குள் பதில் உடனே வந்துவிடும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒளிவேகத்திலேயே ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். வைஃபைக்கு அதுவே நெடுநேரம்! செய்தி தொலைந்துவிட்டது என்று எண்ணி மறுபடியும் மறுபடியும் அனுப்பும். ஆய்வாளர்கள் அந்தப் பழக்கத்தை மாற்றி, "இப்போது நீ பேசு, அடுத்து நான்" என்று முறை வைத்தார்கள். அதன்பின் கிராமத்துப் பாட்டி தன் ஊரிலேயே உட்கார்ந்து, திரையில் தேனி மருத்துவரிடம் கண்ணைப் பற்றிப் பேசினார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளில் உங்கள் வீட்டைப் படமாக வரையுங்கள். போனோடு ஒவ்வோர் அறைக்கும் போய், எத்தனை வைஃபை கோடுகள் தெரிகின்றன என்று குறியுங்கள். எந்தச் சுவர் அலையைத் தடுக்கிறது என்று படமே காட்டிக்கொடுக்கும். இரண்டாவது ரவுட்டர் வாங்கும் முன் அந்தப் படத்தை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள்.