மூன்றாம் நினைவூட்டு

ஓர் ஆசிரியரின் சான்றிதழில் கணித மதிப்பெண் 78. எழுத்திலும் 'செவன் எயிட்' என்றே அச்சாகியிருந்தது. முத்திரை, கையொப்பம் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பதினேழு வருடம் அதன் நகல் எங்கள் அலுவலக பீரோவில் கிடந்தது. நானே நாலைந்து தடவை புரட்டியிருக்கிறேன். சென்னையிலிருந்து பதில் வந்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பதிவெண்ணுக்கு உரியவர் வாங்கியது 28. தேர்ச்சிக்கு 35 வேண்டும்.

கல்வி அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். 'உண்மைத்தன்மை' என்றால் அரசு ஊழியர் எவருக்கும் புரியும். புதிதாகச் சேர்ந்தவரின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களை அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கும், பட்டத்தை அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பி, இது நீங்கள் கொடுத்ததுதானா என்று கேட்டு வாங்கும் சான்று அது. வேலையில் சேர்ந்த பிறகுதான் கேட்போம். பதில் வராவிட்டால் நினைவூட்டு. அதற்கும் வராவிட்டால் இரண்டாம் நினைவூட்டு. இதற்குள் அந்த எழுத்தருக்கு மாறுதல் வந்துவிடும், கோப்பு அடிக்குப் போய்விடும். பணிவரன்முறை ஆணையில் 'உண்மைத்தன்மை பின்னர் பெறப்படும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு' என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அந்த வரியை என் கையாலேயே டைப் அடித்திருக்கிறேன். மேலே சொன்னவர் விஷயத்தில் பதவி உயர்வுப் பட்டியல் தயாரித்தபோது ஒரு புது உதவியாளர் பணிப்பதிவேட்டைப் பார்த்துவிட்டு மூன்றாம் நினைவூட்டு போட்டார். அதற்குத்தான் பதில் வந்தது.

அப்படியானால் நகலில் கெஜட்டட் அதிகாரி போடும் பச்சை மைக் கையெழுத்து எதற்கு என்று கேட்பார்கள். நகலும் அசலும் ஒன்றுபோல இருக்கின்றன என்பதற்கு மட்டுமே அந்த அதிகாரி பொறுப்பு. அசலே போலி என்றால், போலியின் நகல் சரியான நகல்தான்! இந்தச் சடங்குக்காக ஊரெல்லாம் கெஜட்டட் அதிகாரி வீட்டு வாசலில் காத்து நின்றோம். பிற்பாடு சுயசான்றொப்பம் போதும் என்று ஆக்கினார்கள். நல்ல காரியம்.

அந்த ஆசிரியருக்கு 17(ஆ) குற்றக் குறிப்பாணை, தற்காலிகப் பணிநீக்கம், விசாரணை, கடைசியில் டிஸ்மிஸ். நன்றாகப் பாடம் நடத்துவார் என்று ஊரில் பேர். அதெல்லாம் கோப்பில் ஏறாது. பதினேழு வருடம் உழைத்தேனே என்ற வாதமும் நிற்காது. பொய்ச் சாதிச் சான்றிதழ் காட்டி வேலை வாங்கியவர்கள், எத்தனை வருடம் பணியாற்றியிருந்தாலும் அந்த வேலையில் நீடிக்க முடியாது என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

என் மகள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் எச்.ஆர். இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தாள். "பதினேழு வருஷமாப்பா? எங்களுக்குப் பதினஞ்சு நாள்ல ரிப்போர்ட் வந்துடும்." அங்கே இதற்குப் பெயர் பி.ஜி.வி., அதாவது பின்னணிச் சரிபார்ப்பு. இதை வெளி ஏஜென்சி ஒன்றிடம் காசு கொடுத்து ஒப்படைத்துவிடுகிறார்கள். ரிப்போர்ட் மூன்று நிறங்களில் வரும். சரி என்றால் பச்சை, பொய் என்றால் சிவப்பு, பதில் வரவில்லை என்றால் ஆம்பர்.

அவர்கள் தலைவலி பட்டம் அல்ல, அனுபவச் சான்றிதழ். லெட்டர்ஹெட்டில் மட்டும் வாழும் கம்பெனிகள் இருக்கின்றன. அதில் உள்ள நம்பருக்குப் போன் செய்தால், "ஆமா சார், இங்கதான் மூணு வருஷம் இருந்தார்" என்று ஒரு குரல் சொல்லும். பி.எஃப். கணக்கில்தான் பலர் மாட்டுகிறார்கள். மூன்று வருடம் வேலை பார்த்ததாகச் சொன்னவரின் யு.ஏ.என். எண்ணில் ஒரு மாதப் பணம்கூட ஏறியிருக்காது.

"செவப்பு வந்தா என்னம்மா செய்வீங்க?"

"கூப்பிட்டு ரிசைன் பண்ணச் சொல்லிடுவோம்."

"போலீஸ்?"

"எதுக்குப்பா வம்பு? கம்பெனி பேரும் சேர்ந்து கெடும்."

அந்த ஆள் அடுத்த மாதம் பக்கத்துக் கட்டடத்தில் வேறொரு அனுபவச் சான்றிதழோடு உட்கார்ந்திருப்பான். அதைக் கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை. நானும் ரொம்ப நெளிய விடவில்லை. ஏனென்றால் அரசுத் தரப்பிலும் இது நடந்திருக்கிறது. 2015-ல் பீகாரில் போலிச் சான்றிதழ் ஆசிரியர்கள் தாங்களாக ராஜினாமா செய்தால் நடவடிக்கை இருக்காது என்று பாட்னா உயர் நீதிமன்றம் அவகாசம் கொடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மகளின் பதினைந்து நாள் கணக்கும் நாற்காலி உயர உயர நீர்த்துப்போகிறது. பெரிய பதவிக்கு வருகிறவரிடம் பட்டச் சான்றிதழை எடுங்கள் என்று யார் கேட்பது? 2012-ல் யாஹூவின் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஸ்காட் தாம்சனின் குறிப்பில் கணக்கியலோடு கணினி அறிவியல் பட்டமும் இருந்தது. அவர் படித்தது கணக்கியல் மட்டும். கண்டுபிடித்தது யாஹூ இல்லை, அதில் பங்கு வைத்திருந்த ஒரு முதலீட்டு நிறுவனம். அதுவும் துப்பறிந்தெல்லாம் இல்லை, கல்லூரியிடமே கேட்டது. ஜனவரியில் வந்தவர் மே மாதம் போய்விட்டார்.

இப்போது டிஜிலாக்கரில் சான்றிதழைக் கொடுத்த வாரியமே ஏற்றி வைக்கிறது. ஆனால் என் காலத்து ஆட்களின் சான்றிதழ்கள் பழைய பேரேடுகளில்தான் இருக்கின்றன.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஓய்வூதியக் கருத்துருவுக்காக என் பணிப்பதிவேட்டைச் சரிபார்த்த பிரிவு உதவியாளர் தயங்கித் தயங்கி என் மேஜைக்கு வந்தார். "சார், உங்க எஸ்.எஸ்.எல்.சி. உண்மைத்தன்மை இல்லையே." புரட்டிப் பார்த்தோம். 1988-ல் அனுப்பிய கடிதத்தின் அலுவலக நகல் இருந்தது. ஒரு நினைவூட்டும் இருந்தது. அவ்வளவுதான். அன்று சாயங்காலம் மகளிடம் போனில் சொன்னேன்.

"அப்போ முப்பத்திநாலு வருஷமா நீங்க ஆம்பர்ப்பா" என்றாள்.