துப்புரவுப் பொருள்களும் கண்ணுக்குத் தெரியாத கரியமில வாயுவும்

ஒரு கம்பெனியின் புகைபோக்கியிலிருந்து எழும் புகை எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதே கம்பெனியின் தரையைத் துடைக்கும் திரவத்தின் பொருட்டு வேறெங்கோ எழும் புகை எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆயினும் இரண்டும் சென்று சேர்வது ஒரே வானத்திற்கே. ஆகையால், புகைபோக்கியே இல்லாத ஓர் அலுவலகம் தனக்கும் கரியமில வாயுவுக்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிடலாகாது.

மூவகைக் கணக்கு

கம்பெனிகள் வெளியிடும் வாயுக்களைக் கணக்கிடுவதற்கென 2001-ஆம் ஆண்டில் சர்வதேச நெறிமுறை ஒன்று வெளியிடப்பட்டது. கம்பெனி தானே எரிக்கும் எரிபொருளால் உண்டாவது முதல் வகை. அது விலைக்கு வாங்கும் மின்சாரத்தின் பொருட்டு மின் நிலையங்களில் உண்டாவது இரண்டாம் வகை. வாங்கும் பொருள்கள், அவற்றைச் சுமந்துவரும் வண்டிகள், கழிவுகள் முதலிய பிற அனைத்தாலும் உண்டாவது மூன்றாம் வகை. பின்னிரண்டும் மறைமுக வெளியீடுகள் எனப்படும். மூன்றாம் வகைக்கென 2011-இல் வகுக்கப்பட்ட விதிமுறை அதனை 15 பிரிவுகளாகப் பகுக்கிறது. சோப்பு, சலவைத்தூள், தரை துடைக்கும் திரவம் ஆகியன முதற் பிரிவில் அடங்கும்.

இந்தியாவில் பங்கு மாற்றுச் சந்தைகளைக் கண்காணிக்கும் ‘செபி’ வாரியம் 2021-இல் வகுத்த முறைப்படி, சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களிலுள்ள கம்பெனிகள் 2022-23 முதல் சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றி அறிக்கை அளிக்கக் கடமைப்பட்டன. அவ்வறிக்கையில் மூன்றாம் வகைக் கணக்கு, விரும்பி அளிப்போரின் பகுதியில் வைக்கப்பட்டது.

பொருளின் பிறப்பு

சலவைத்தூளில் அழுக்கை அகற்றும் முக்கியப் பொருள் பெரும்பாலும் ‘லீனியர் ஆல்கைல் பென்சீன் சல்போனேட்’ என்பதாகும். இது பென்சீனிலிருந்தும், மண்ணெண்ணெயிலிருந்து பிரிக்கப்படும் பாரபின்களிலிருந்தும் செய்யப்படுகிறது. அதாவது, பூமிக்கடியில் புதைந்து கிடந்த கார்பனே நம் வாளிக்குள் வருகிறது. இப்பொருளின் ஒரு மூலக்கூறில் 18 கார்பன் அணுக்கள் உள்ளதாகக் கொண்டால், அதன் மூலக்கூறு எடை 348. கிருமிகள் இதனை முழுவதும் சிதைத்துவிட்டால், ஒரு கிலோவிலிருந்து சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படும். ரசாயன ஆசிரியர்கள் இக்கணக்கைக் கரும்பலகையிலேயே போட்டுக் காட்டலாம்.

தாவர எண்ணெயிலிருந்து செய்யும் சோப்பின் கார்பனோ, அண்மையில் காற்றிலிருந்து செடி உறிஞ்சியது. அது காற்றுக்கே திரும்புகிறது. எனினும் ‘தாவரப் பொருள்’ என்ற சொல்லை மட்டும் நம்பிவிடுதல் முறையன்று. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் ஈரநிலக் காடுகளை வடியவைத்துப் பனை எண்ணெய்த் தோட்டங்கள் அமைத்த இடங்களில், மட்கிய மண்ணில் சேர்ந்திருந்த கார்பன் வாயுவாக வெளியேறுகிறது. சோப்புக்கு வேண்டிய காஸ்டிக் சோடாவும் உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்திப் பெறப்படுவதே. எனவே எண்ணெய் எங்கே விளைந்தது, எவ்வாறு விளைந்தது என்று கேட்டறிவது அவசியம்.

நீரைச் சுமக்கும் லாரி

கலந்து விற்கப்படும் துப்புரவுத் திரவத்தில் பெரும்பங்கு நீரே. ஓர் அலுவலகம் மாதந்தோறும் இத்தகைய திரவம் 400 லிட்டர் வாங்குவதாகக் கொள்வோம். ஒரு பங்குக்கு 19 பங்கு நீர் சேர்க்கத்தக்க செறிவுத் திரவமாக வாங்கினால் 20 லிட்டரே போதும். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கலன்கள் 80 வந்த இடத்தில் 4 வரும். எஞ்சிய 380 லிட்டரை நம் குழாயே தந்துவிடும்.

வெந்நீரும் தண்ணீரும்

100 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடேற்றச் சுமார் 4.65 யூனிட் மின்சாரம் தேவை. நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவில் கரியமில வாயு உண்டாவதால், இதற்கு மட்டும் ஏறக்குறைய 3¼ கிலோ ஆகிறது. அழுக்கிலுள்ள புரதத்தைச் சிதைக்கும் என்சைம்களைச் சலவைக்குப் பயன்படுத்தும் முறைக்கு ஜெர்மனியில் ஆட்டோ ரோம் என்பார் 1913-இல் காப்புரிமை பெற்றார். என்சைம் கலந்த தற்காலச் சலவைப் பொருள்கள் சூடேற்றாத நீரிலும் நன்கு வேலை செய்கின்றன. இரட்டிப்பாகத் தூளிட்டால் துணி இரட்டிப்பாக வெளுப்பதில்லை. அலசும் நீரே மிகுதியாகிறது.

கைகளை மறவாதிருத்தல்

செறிவுத் திரவத்தை அளந்து கலப்பவர் துப்புரவுப் பணியாளர். கலக்கப்படாத நிலையில் அது தோலையும் கண்ணையும் தாக்கவல்லது. ஆகவே அளவுக் குவளை, கையுறை, தாய்மொழியில் எழுதிய குறிப்பு ஆகிய மூன்றும் இன்றி இம்மாற்றத்தைத் தொடங்குதல் தவறு. கழிவறை அமிலத்தையும் வெளுப்புத் திரவத்தையும் ஒருபோதும் கலத்தலாகாது. நச்சுக் குளோரின் வாயு எழும். மருத்துவமனைகளில் கிருமிநீக்கத்திற்கென விதிக்கப்பட்ட மருந்தையும் அளவையும், கார்பன் கணக்கைக் கருதிக் குறைத்தலும் கூடாது. கணக்கேட்டில் காணும் இலாபம் ஏழைப் பணியாளரின் கையில் புண்ணாக முடியுமானால், அது இலாபமாகாது.

அடையாளமும் கடமையும்

சுற்றுச்சூழலுக்குக் குறைந்த தீங்கு விளைக்கும் பொருள்களுக்கென மத்திய அரசு 1991-இல் ‘எகோமார்க்’ திட்டத்தைத் தொடங்கி, மண்பானையை அதன் சின்னமாகக் கொண்டது. சோப்பும் சலவைப் பொருளும் அதில் இடம்பெற்றன. அதற்குப் பதிலாக 2024-இல் புதிய விதிகள் வெளியிடப்பட்டன. ‘பசுமை’ என்று அச்சிட்ட காகிதத்தைக் காட்டிலும், சோதித்து அளிக்கப்பட்ட சின்னம் நம்பத்தக்கது.

பெரும்பாலான கம்பெனிகளின் மொத்த வெளியீட்டில் துப்புரவுப் பொருளின் பங்கு சிறிதே என்பதை மறைத்தல் வேண்டா. ஆனால் புதிய யந்திரமோ பெருமுதலீடோ இன்றி உடனே குறைக்கத்தக்க பங்கு இது. களப் பணியாளர்கள் தம் அலுவலகத்தில் ஒரு மாதத்தில் எத்தனை கலன்கள் வந்தன, எவ்வளவு நீர் சூடேற்றப்பட்டது என்று குறித்துப் பார்க்கட்டும். ஆசிரியர்கள் அதே கணக்கைப் பள்ளியின் துப்புரவு அறையில் மாணவரைக் கொண்டு எடுப்பிக்கட்டும். அளந்தறியப்படாத செலவு குறைவதில்லை. அளக்கத் தொடங்கிய அன்றே அது குறையத் தொடங்கும்.