வளையும் விரல், கம்மும் குரல்

மார்கழி பிறந்தால் ஸ்ரீரங்கத்தில் தொண்டைக்கு ஓய்வில்லை. விடியலில் திருப்பாவை. கோயிலில் பகல் பத்தும் இராப் பத்தும் நடக்க, அரையர்கள் கையில் தாளத்தோடு பிரபந்தம் சேவித்து அபிநயமும் பிடிக்கிறார்கள். தொண்டை கட்டிக்கொண்டது என்றால் சித்திரை வீதி மாமிகள் அதிமதுரம், பனங்கற்கண்டு, மிளகுப் பால் என்று அடுக்குவார்கள். சளிக்கு அது இதம். ஆனால் சளியே இல்லாமல், கொஞ்ச நேரம் பாடினாலே குரல் கம்மிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குத் தொண்டையோடு கட்டைவிரலையும் பார்க்க வேண்டும்.

"உடம்பு ரப்பர் மாதிரி வளையுது" என்று பாராட்டு வாங்கும் பிள்ளைகள் திருச்சியின் பரதநாட்டிய வகுப்புகளிலும் உண்டு. மணிக்கட்டை மடக்கினால் கட்டைவிரல் முன்கையில் போய் ஒட்டும். சுண்டுவிரல் பின்பக்கமாக 90 டிகிரியைத் தாண்டும். முழங்கையும் முழங்காலும் பின்னோக்கி வளையும். காலை மடக்காமலே குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிப்பார்கள். இவற்றுக்கு 9 மதிப்பெண் வைத்திருக்கிறது பெய்டன் அளவுகோல். பெரியவர்கள் 5 வாங்கினாலே மூட்டுகள் மிகையாக நெகிழ்பவை என்று கணக்கு. பலருக்கு இதனால் ஒரு தொல்லையும் வராது. சிலருக்கு வலி, மூட்டு விலகல், களைப்பு என்று அது கோளாறாகிறது. இத்தகைய கோளாறுகளில் சேர்ந்த, இணைப்புத் திசுவைப் பாதிக்கும் எலர்ஸ்-டான்லோஸ் நோய்களில் 2017 வகைப்பாட்டின்படி 13 வகைகள். பரவலாகக் காணப்படும் மிகை நெகிழ்வு வகைக்கு உரிய மரபணு இன்னும் உறுதியாகவில்லை. வளைவதை மெச்சுகிற நாம் வலிக்கிறதா என்று கேட்காமல் விடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இதற்கும் குரலுக்கும் என்ன தொடர்பு? குரல்வளைக்குள்ளும் மூட்டுகள் இருக்கின்றன. கழுத்தின் நடுவே துருத்தும் மேட்டில் ஆட்காட்டி விரலை வைத்து மெல்லக் கீழே இறக்குங்கள். சின்னப் பள்ளம் ஒன்று தட்டுப்படும். விரலை அழுத்தாமல் அங்கேயே வைத்து, கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை பாடிப் பாருங்கள். பள்ளம் குறுகும். மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு குருத்தெலும்புகள் மூட்டில் சாய்ந்து நெருங்குகின்றன, உள்ளே குரல் நாண்கள் இழுபட்டு விறைக்கின்றன, சுருதி ஏறுகிறது. பின்பக்கம் இன்னொரு ஜோடி மூட்டுகள் நாண்களைத் திறந்து மூடுகின்றன. பெண் குரலில் நொடிக்குச் சுமார் 200 தடவை சேர்ந்து பிரியும் அந்த நாண்களுக்குள்ளும், மூட்டுகளைப் பிடித்து நிறுத்தும் இணைப்புத் திசுவில் இருப்பது போலவே, கொலாஜன் இழைகள்தான்.

இந்த இணைப்புத் திசு தளர்ந்திருந்தால், மூட்டுகளை நிலையில் நிறுத்தும் வேலை தசைகளின் தலையில் விழுகிறது. கழுத்தும் தாடையும் இறுகுகின்றன. மாலைக்குள் குரல் கரகரக்கிறது, தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கிறது, விழுங்கச் சிரமம், தாடை 'டக்'கென்று விலகுகிறது. மிகை நெகிழ்வுக் கோளாறு உள்ளவர்களிடம் இத்தகைய தொல்லைகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குழாய்க் கேமராவில் பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம். "எல்லாம் நார்மல்" என்ற சீட்டோடு வீடு திரும்பும் பாட்டு டீச்சருக்கு, சாதகம் போதவில்லை என்ற பேச்சும் சேர்ந்து கிடைத்தால் அது அநியாயம்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகும்போது விரல் வளைவதையும், தோள் நழுவுவதையும், லேசாக இடித்தாலே கன்றிப்போவதையும், அம்மாவுக்கும் இப்படி இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சியாளரும் பிசியோதெரபி நிபுணரும் தசை இறுக்கத்தைத் தணிக்கக் கற்றுத் தருவார்கள். கழுத்தைச் சொடுக்கு எடுப்பது வேண்டவே வேண்டாம். எந்த அறுவை சிகிச்சையானாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூச்சுவிடுவதற்கான குழாயைச் செருகும்போது தாடையும் கழுத்தும் விலகாமல் அவர் கூடுதல் கவனம் எடுப்பார். மரத்துப்போகும் ஊசி சிலருக்குச் சரியாகப் பிடிக்காது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்வார்.