பட்டை கூட்டிய வண்டிக்கு எந்த ஷாக் அப்சார்பர்?

மதுரை கீழமாசி வீதியில் பலசரக்கு ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான் பக்கம் தினசரி ஓடும் சிறு சரக்கு வண்டிகள் ஏராளம். 2005இல் வந்த டாடா ஏஸ், 2011இல் வந்த தோஸ்த் போன்ற வண்டிகளை நம் வணிகர்கள் பலர் சொந்தமாகவே வைத்திருக்கிறார்கள். வேகத்தடையில் அடிப்பாகம் தட்டாமலும், மூட்டை ஏற்றினால் பின்புறம் அமுங்காமலும் இருக்க, ஒன்றிரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்து வண்டியை உயர்த்துவதுண்டு. ஆனால் ஷாக் அப்சார்பரைப் பழையபடியே விட்டுவிடுகிறோம். எண்ணெய் டின் நசுங்குவதும், முட்டை உடைவதும், டயர் திட்டுத்திட்டாகத் தேய்வதும் இதனாலும் நேரலாம்.

ஷாக் அப்சார்பரின் வேலை என்ன?

பாரத்தைத் தாங்குவது பட்டை. பட்டை துள்ளுவதை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. "கெட்டியான ஷாக் போட்டால் கூடுதல் மூட்டை ஏற்றலாம்" என்பது தவறான எண்ணம்.

வண்டி உயர்ந்தபின் பழைய ஷாக் நின்ற நிலையிலேயே பாதிக்கு மேல் நீண்டிருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அது முழுவதும் இழுபட்டு, சீல் கிழிந்து எண்ணெய் கசியும். பிடிமானமும் விரிசல் விடும். அதற்காக மிக நீளமானதை வாங்கினால், பாரத்தோடு குழியில் விழும்போது முழுவதும் அமுங்கி முட்டிக்கொள்ளும்.

அளவு எடுக்கும் முறை

பட்டறையில் இரண்டு அளவுகள் எடுக்கச் சொல்லுங்கள்.

1. சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, ஷாக்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தொங்கவிட்டு, மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் உள்ள தூரம்.

2. வண்டி தரையில் நிற்கும்போது அதே தூரம். இதிலிருந்து, ஆக்ஸிலுக்கும் மேலுள்ள ரப்பர் கட்டைக்கும் உள்ள இடைவெளியைக் கழிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, தொங்கும் அளவு 18 அங்குலம். நிற்கும் அளவு 16, இடைவெளி 3½, மீதி 12½ என்று கொள்வோம். ரப்பர் அமுங்குவதற்கும் இடம் விட்டு, விரிந்தால் 18½ அங்குலத்துக்குக் குறையாமலும், சுருங்கினால் 12 அங்குலத்துக்கு மிகாமலும் உள்ள ஷாக்கே பொருத்தமானது. அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் வண்டியை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டோம் என்று பொருள். ஒரு பட்டையைக் குறைப்பதே நல்லது.

நீளம் மட்டும் போதாது. கெட்டியான பட்டை வேகமாகத் திரும்பி எழும். அதை அடக்கும் வலுவும் ஷாக்கில் இருக்க வேண்டும். வலு மிஞ்சினால் காலி வண்டி குதிக்கும். இரு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே வகையாக மாற்ற வேண்டும்.

பிரேக்கும் சட்டமும்

பாரத்துக்கு ஏற்றபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு சில வண்டிகளில் உண்டு. பட்டை கூட்டிய வண்டி அமுங்காததால், பாரம் இருந்தும் இல்லாததுபோல் அது இயங்கி, பின் பிரேக் குறையும். வால்வையும் பிரேக் ஹோஸின் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே பட்டையில் கை வைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். பட்டை கூடினாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை கூடாது. 2019 திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஒரே நடையில் எல்லாவற்றையும் ஏற்றுவதைவிட, இன்னொரு நடை அனுப்புவதே பல நேரங்களில் லாபம்.