கால்பந்து பையன் மேல் பாடகனுக்கு காதல்! வரைந்தது யார் தெரியுமா?

கொட்டும் மழை. குடிபோதையில் தெருவில் விழுந்து கிடந்தான் பிரபல பாடகன். பள்ளி மாணவன் ஒருவன் தூக்கிப்போய் காப்பாற்றினான்.

அப்புறம்தான் அதிர்ச்சி! முன்பு மைதானத்தில் பார்த்து, பெண் என்று நினைத்து பாடகன் மனதைப் பறிகொடுத்தானே, அது இந்தப் பையன்தான்! பள்ளி கால்பந்தில் சூரப்புலி!

பயப்படாதீர்கள், இது ஜப்பான் படக்கதை. பெயர் 'ஜெட்சுஆய் 1989'. அந்த ஆண்டு 'மார்கரெட்' என்ற பெண்கள் பத்திரிகையில் தொடங்கியது.

ரசிகை செய்த வேலை

வரைந்தவர் மினாமி ஒசாகி. பெண்தான்! முதலில் இவர் 'கேப்டன் சுபாசா' கால்பந்து படக்கதையின் ரசிகை. அதில் வரும் பையன்களை ஜோடி சேர்த்து, தானே புத்தகம் போட்டார். பெண்கள் விரும்பிப் படித்தார்கள். பிறகு சொந்தக் கதையே வரைந்தார்.

1992-ல் அது கார்ட்டூன் படமும் ஆனது. அடுத்தவர் பந்தை உதைத்துப் பழகியவர், சொந்தமாக கோல் போட்டுவிட்டார்!