சொத்தைப் பல்லை அடைப்பது மணல்!
"சீக்கிரம் முடிங்க டாக்டர்" என்றால் ஆபத்து

பல்லில் சொத்தை. டாக்டர் குடைந்து எடுக்கிறார். வெள்ளைப் பசையை வைக்கிறார். நீல விளக்கைக் காட்டுகிறார். சில விநாடிகளில் பசை கல்லாகி விடுகிறது.

அந்தப் பசைக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? மணல்!

ஆம். கடற்கரை மணலில் உள்ள அதே சிலிகாதான். சிலிகாவையும் கண்ணாடியையும் மாவைவிட நைசாகப் பொடித்து, பிளாஸ்டிக் பிசினில் குழைக்கிறார்கள். பல பசைகளில் எடையில் சுமார் முக்கால் பங்கு இந்தப் பொடிதான்!

பல் டாக்டரின் வேலை

இதற்கு வழி காட்டியவர் அமெரிக்கப் பல் டாக்டர் ரபேல் போவன். 1950-களில் முன்பல்லைப் பல் நிறத்திலேயே அடைக்க முக்கியமாக இரண்டு சரக்குதான் உண்டு. சிலிகேட் சிமெண்டு எச்சிலில் கரைந்தது. அக்ரிலிக் பிளாஸ்டிக் சுருங்கி ஓரம் விட்டது. அந்தச் சந்தில் மறுபடியும் சொத்தை!

போவன் எபாக்சி பிசினில் சிலிகாவைக் கலந்து பார்த்தார். அது இறுக ரொம்ப நேரம் பிடித்தது. எவ்வளவு நேரம்தான் வாயைப் பிளந்து உட்காருவது? எனவே எபாக்சியையும் அக்ரிலிக்கையும் இணைத்துப் புதுப் பிசின் செய்தார். பெயர் பிஸ்-ஜிஎம்ஏ. 1962-ல் காப்புரிமை பெற்றார்.

மணலும் பிளாஸ்டிக்கும் லேசில் ஒட்டாது. அதனால் பொடிக்கு சிலேன் என்ற ரசாயனத்தைப் பூசினார். அதற்கு இரண்டு கை. ஒரு கை மணலைப் பிடிக்கும். மறு கை பிசினைப் பிடிக்கும்.

தீக்குச்சி சோதனை

பசையைச் சும்மா வாயில் வைத்து விடுவதில்லை. 2 மில்லிமீட்டர் கனம், 25 மில்லிமீட்டர் நீளத்தில் குச்சி வார்க்கிறார்கள். கிட்டத்தட்ட தீக்குச்சி கனம்தான். உடம்புச் சூடான 37 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரம் ஊறப்போடுகிறார்கள். பிறகு இரண்டு முனையையும் தாங்கி, நடுவில் அழுத்துகிறார்கள். மெல்லும் பல்லுக்கு வேண்டியது என்றால், 2 கிலோவுக்கு மேல் பாரம் ஏற்றினாலும் ஒடியக் கூடாது!

அவசரம் வேண்டாம்

ஒரு குறை மட்டும் முழுசாகத் தீரவில்லை. இறுகும்போது பசை 100-க்கு 2, 3 பங்கு சுருங்குகிறது. அதனால்தான் ஆழமான குழியில் டாக்டர் 2 மில்லிமீட்டர் அடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் விளக்குக் காட்டுகிறார். ஒரேயடியாக அப்பினால் அடியில் வேகாது, ஓரம் விடும். சாதாரணப் பசைக்கு இதுதான் கணக்கு.

"பஸ்சுக்கு நேரமாச்சு, சீக்கிரம் முடிங்க டாக்டர்" என்று யாரும் அவசரப்படுத்த வேண்டாம். அந்தப் பஸ் போனால் அடுத்த பஸ் வரும். பல் போனால்...?